இரண்டாவது வரிசை, இடப்பக்கம்

படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடிகரின் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது ஒருவர் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில் எங்கே உங்கள் அப்பா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. பழைய காலத்துப் பெரிய நடிகர், பாதி ஆயுளைக் கறுப்பு வெள்ளையிலும் மீதியைக் கலரிலும் நடித்துத் தீர்த்தவர் என்பது மட்டும் உங்களுக்குப் போதும்.

என் அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. எனக்கு எட்டு மாதமாக இருக்கும்போது அவர் இறந்துவிட்டார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து தார் ரோடு போடும் கூட்டத்தோடு பெங்களூர் நெடுஞ்சாலைக்கு வந்தவர். ஓசூர்ப் பக்கம் பேரிகை என்ற ஊரில் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண்ணைப் பிடித்துப்போய், இரண்டு பக்கத்துச் சொந்தமும் இல்லாமல் ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டினார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சூளகிரிக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி அடித்துப் போட்டுவிட்டது. கல்யாணத்துக்குப் போட்டோக்காரரைக் கூப்பிடும் வழக்கமெல்லாம் அப்போது எங்கள் ஆட்களிடம் இல்லை. பிறகு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. சாத்தூர்ச் சொந்தக்காரர்கள் எங்களைத் தேடி வரவும் இல்லை.

ஏழு வயதில் நான் அம்மாவிடம் அப்பாவின் போட்டோ கேட்டு அழுதேனாம். கூடப் படித்த ஒருவன் வீட்டில் செத்துப்போனவர் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த நாள் அது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா சொன்னாள், "உங்கப்பா சினிமாவுல வந்துருக்காருடா." அந்தப் பெரிய நடிகர் கிருஷ்ணகிரி அணைக்குப் படம் பிடிக்க வந்தபோது, அக்கம்பக்கத்து ஆட்களைக் கூலிக்குப் பிடித்துக் கூட்டத்தில் நிற்கவைத்தார்களாம். நடிகர் மதகின் மேலே நின்று பேசுவார், கீழே வேலைக்காரர்கள் மம்பட்டியோடு நிற்பார்கள். அப்பா இரண்டாவது வரிசை, இடப்பக்கம், தலையில் துண்டு. அந்தப் படம் ஊருக்குள் டூரிங் டாக்கீஸில் ஒரு வாரம் ஓடிவிட்டுக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன மறுநாள் இதைச் சொன்னாள். ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏழு வயதில் அழுதேன். அது ஏன் மறுநாள் என்று முப்பது வருடம் எனக்கு உறைக்கவில்லை.

நான் மோட்டார் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவன். தலைமுடி அளவு கூடினாலும் குறைந்தாலும் ரிஜெக்ட் என்று தூக்கிப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதையும் சொல்லி வைக்கிறேன், சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் பிறகு எங்கள் பக்கம் எந்தக் கொட்டகைக்கும் வரவில்லை. டிவியிலும் போடவில்லை. அவருடைய மற்ற படங்களையெல்லாம் போட்டார்கள், சிலதை மாதம் ஒரு தரம் போட்டார்கள். இதை மட்டும் காணோம். தயாரிப்பாளர் நொடித்துப்போனார், பிள்ளைகளுக்குள் உரிமைத் தகராறு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் உள்ளூர்க்காரர் யாரைக் கேட்டாலும் அந்த அணைக் கூட்டத்தில் அவருக்கு ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருந்தார். அத்தனை பேரும் நின்றிருந்தால் அணையே தாங்கியிருக்காது. அப்படிச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம், யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அவர்களுக்கெல்லாம் மாமாவின் போட்டோ வீட்டில் இருந்தது. படம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு விசிடி வந்தது. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் முதலில் பிளேயர் வாங்கியவன் நான்தான். பழைய படங்களைப் பத்துப் பத்தாக வெளியிட ஆரம்பித்திருந்தார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு விசிடி கடை இருந்தது. கடைக்காரர் வீட்டில் கன்னடம், கல்லாவில் தமிழ், போனில் தெலுங்கு. மூன்று சுவரிலும் மூன்று பாஷைக்கு மூன்று அலமாரி. முதல் ஷிஃப்ட் முடிந்ததும் வாரம் ஒரு தடவையாவது நேராகத் தமிழ் அலமாரிக்குப் போய் நிற்பேன்.

"வா குரு," என்பார் கடைக்காரர், கன்னடத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த வார்த்தை, "இன்னும் வரல."

ஒவ்வொரு விசிடி அட்டைக்கும் பின்பக்கம் பொடி எழுத்தில் 'விரைவில்' என்று ஒரு பட்டியல் இருக்கும். என் வயதுக்காரர்கள் முன்பக்கத்துக் கதாநாயகிகளைப் பார்த்தார்கள், நான் பின்பக்கத்தைப் படித்தேன். இரண்டாயிரத்து நாலில் ஒருநாள் அந்தப் பட்டியலில் எங்கள் படத்தின் பெயர் இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அட்டையைக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்ப வருதாம்?"

"விரைவில்னு போட்டிருக்கான்மா."

"அப்டின்னா எத்தன நாளு?" என்றாள். சந்தோஷத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அங்கே பிடித்தது எனக்குக் கவலை. அதுவரை வராத படம், வராத கவலை. இப்போது வரப்போகிற படத்துக்கு நூறு கவலை. பழைய பிலிம் ரோல்கள் சென்னையில் பாதுகாப்பில்லாமல் உப்புக்காற்றில் புளிப்பு வாடை அடித்துக் கெட்டுப்போகின்றன என்று எங்கோ படித்தேன். அன்றிலிருந்து மழைக்காலத்தில் சென்னையில் வெள்ளம் என்று செய்தி வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வெளியிடும் கம்பெனிக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. நினைவூட்டி இன்னொன்று எழுதினேன். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை அம்மா. அந்த வரிசையில் கைகாட்டி இவர்தான் என்று சொல்ல உலகத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. படம் வருவதற்குள் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த இரண்டு வருடம் நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டதுபோல எந்தப் பிள்ளையும் பார்த்திருக்க மாட்டான். அது அவளுக்காக மட்டும் இல்லை. இருமினால் டாக்டர், தலை சுற்றினால் டாக்டர். பிரஷர் மாத்திரையை எண்ணி வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவேன். என் மனைவி சேலத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. "அத்தைய ஏங்க இப்படித் தாங்குறீங்க? படம் வந்த அடுத்த நாளு அவங்கள யாரு பார்ப்பா?" என்றாள் ஒருநாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம்.

அதோடு அம்மாவின் கண். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எதிரே வருபவர் யாரென்று குரலை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்துகொள் என்றால் தை போகட்டும் என்பாள், மாசி வந்தால் வெயில் தாழட்டும் என்பாள். பயப்படுகிறாள் என்று நினைத்து அதட்டினேன். கெஞ்சினேன். கடைசியில் கிருஷ்ணகிரியில் நடந்த கண் முகாமுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறைதான். ஆபரேஷன் நன்றாக நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று என்னைப் பார்த்து, "நரைச்சிருச்சேடா உனக்கு," என்றாள். அழுதாள். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று நர்ஸ் திட்டினாள்.

ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அம்மாவையும் விசிடி கடைக்குக் கூட்டிப்போனேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். சுவரெல்லாம் கலர் கலராக இருப்பதை வாய் திறந்து பார்த்தாள். நான் வழக்கம்போலத் தமிழ் அலமாரியில் தலையை விட்டேன். பத்து நிமிடம் தேடிவிட்டுத் திரும்பினால் அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"வா போலாம். தல சுத்துது."

தலைசுற்றல் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. ஆட்டோ பிடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் போனது. 'விரைவில்' பட்டியலில் இருந்து எங்கள் படத்தின் பெயர் காணாமல் போனது. நான் கடைக்காரரிடம் சத்தம் போட்டேன், அவர்தான் என்னவோ எடுத்து ஒளித்துவைத்ததுபோல. அவர் பொறுமையாகக் கேட்டார், "குரு, நீ இத்தன வருஷமா கேக்குறியே, அந்தப் படத்துல கதை என்ன?"

யோசித்துப் பாருங்கள். ஐந்து வருடமாகப் படத்தின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், கதையைச் சொன்னதே இல்லை. எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அணை, மதகு மேல் நின்று பேசும் நடிகர், கீழே மம்பட்டியோடு கூட்டம்.

அவர் எழுந்து தெலுங்கு அலமாரிக்குப் போனார். கீழ் வரிசையில் கையை விட்டு ஒரு விசிடியை எடுத்துத் தூசி தட்டினார். அட்டையில் கதாநாயகி பெரிதாக இருந்தாள். நடிகர் மூலையில் சின்னதாக இருந்தார். அவருக்குப் பின்னால் அணை. தெலுங்கில் டப் செய்தபோது பெயரை மாற்றி, அங்கே பேர்பெற்ற கதாநாயகியை முன்னால் போட்டிருக்கிறார்கள். மூன்று பாஷை பேசும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு சுவரைப் பார்த்து ஐந்து வருடம் நின்றிருக்கிறேன். படம் என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"இத உங்கம்மா போன வருஷம் உன்கூட வந்தன்னைக்கே எடுத்துப் பார்த்தாங்களே," என்றார் கடைக்காரர். "கிருஷ்ணகிரி டேம் வர்ற படமான்னு தெலுங்குல கேட்டாங்க. ஆமான்னேன். கையில கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு, அடியில சொருகிட்டாங்க. நானும் மறந்துட்டேன். அதுதான் இதுன்னு எனக்குத் தெரியாது பாரு."

விசிடியைச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸோடு வைத்துக்கொண்டு வந்தேன். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறும் நேரம், ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்கள். முப்பது வருடம் எதிர்பார்த்த பொருள் தொடையில் இடித்துக்கொண்டே வருகிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அடியில் சொருகினாள் என்ற வார்த்தைதான் திரும்பத் திரும்ப வந்தது. ஏன் சொருகினாள்? அப்பாவைப் பார்க்க அவளுக்கு ஏன் பிடிக்கவில்லை? அப்பா நல்லவர் இல்லையோ? அடித்திருப்பாரோ? லாரி கதையே பொய்யோ? எங்களை விட்டுவிட்டு ஓடிப்போய் எங்கோ சாத்தூரில் இன்னொரு குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பாரோ? வீடு வருவதற்குள் அப்பாவை நாலு விதமாகக் கெட்டவராக்கிவிட்டேன்.

அம்மா முறத்தில் அவரைக்காய் வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். விசிடியை அவள் முன்னால் வைத்தேன். டிவியைப் போட்டு, பிளேயரைத் திறந்து, முதல் தகட்டை எடுத்தேன்.

"வத்துரா," என்றாள். பதற்றம் வந்தால் அம்மாவுக்குத் தெலுங்கு வந்துவிடும். வேண்டாம்டா, போடாதே என்றாள். நான் பிளேயரின் தட்டைத் தள்ளி மூடினேன்.

"உங்கப்பா அதுல இல்லடா."

பெயர்கள் ஓட ஆரம்பித்திருந்தன. இசை காதைக் கிழித்தது. சமையற்கட்டிலிருந்து வந்த என் மனைவிதான் சத்தத்தைக் குறைத்தாள்.

"கூப்புட்டாங்க. அவரு போகல. 'சினிமாக்காரன் காலுக்குக் கீழ மம்பட்டி தூக்கிக்கிட்டு நிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா'ன்னுட்டாரு. கூட வேல செஞ்சவங்க எல்லாம் போனாங்க. இவரு மட்டும் தார் டின்னுமேல உக்காந்துட்டு இருந்தாரு." அம்மா அவரைக்காயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ ரெண்டு நாளா சோறு திங்காம கெடந்த. என்னான்னு சொல்றது? சொன்னா ஒரு வாரத்துல மறந்துருவன்னு நெனச்சன். நீ மறக்கவேயில்லையேடா. டிவி வந்துச்சு, பயந்தன். இந்தத் தட்டு வந்துச்சு, பயந்தன். கண்ணு போனா போகட்டும், தெரியலன்னு சொல்லிரலாம்னு இருந்தன். அதையும் தொறந்து உட்டுட்ட."

கோபப்பட்டேன். பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே கோபப்பட்டேன். ஐந்து வருடம் கடை வாசலில் நாய் மாதிரி நின்றேனே, யாரோ தெரியாத மனுஷன் நிற்கும் படத்துக்காகச் சென்னையில் மழை பெய்தால் பட்டினி கிடந்தேனே என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கர் விசில் சத்தம்கூட நின்றதுபோல இருந்தது. நான் மூச்சு வாங்கி நிறுத்தியபோது, அம்மா மெதுவாக ஒன்று சொன்னாள்.

"வேற யாரையாச்சும் கைகாட்டிருப்பன்டா. அதுகூட முடிவு பண்ணி வச்சிருந்தன். ஆனா பயம். அவரு மொகம் எனக்கே முழுசா வரமாட்டேங்குது. துண்டு துண்டாத்தான் வருது. இன்னொருத்தனக் காட்டிட்டா, அப்புறம் அந்த மொகம்தான எனக்கும் நிக்கும்?"

டிவியை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். பெரிய நடிகர் யாரோ ஒருவருடைய குரலில் தெலுங்கு பேசினார். அம்மாவுக்கும் எனக்கும் புரிந்தது, மனைவிக்கு நான் சொன்னேன். இரண்டாவது தகட்டில் கோடு விழுந்திருந்தது. அணைக்கட்டு வரும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்று நின்று போனது. அப்பா அதில் இல்லை என்று தெரிந்த பிறகும் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன், நம்புங்கள். கேமரா நகர்ந்தது. முப்பது நாற்பது பேர். இரண்டாவது வரிசை, இடப்பக்கம். அந்த வரிசையில் பாதிப் பேர் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள்.

"நிறுத்து," என்றாள் அம்மா.

ரிமோட்டை அழுத்தினேன். அம்மா முறத்தை நகர்த்திவிட்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். கிழவன் ஒருவனுக்குப் பின்னால் நின்ற ஆளைத் தொட்டாள். "காது இப்டித்தான். ஒட்டாம தனியா நிக்கும்."

"யாருக்கும்மா?"

"உங்கப்பாவுக்குத்தான்டா."

கொஞ்சம் ஓட்டச் சொன்னாள். மறுபடி நிறுத்தச் சொன்னாள். மம்பட்டியைத் தோள் மாற்றிக்கொண்ட ஒருவனைக் காட்டினாள். "நிக்கிறது இந்த மாதிரி. ஒரு காலு சும்மா, ஒரு காலுலயே பாரம் போட்டு." ஓரத்தில் பாதி மட்டும் தெரிந்த ஒருவனின் நெற்றியைக் காட்டி, "இவ்ளோ அகலம் இல்ல. ஆனா மேல ஏறிப்போறது இப்டித்தான்," என்றாள். அந்தக் காட்சி மொத்தமே இரண்டு நிமிடம்தான். அன்று அதைப் பார்த்து முடிக்க எங்களுக்கு ராத்திரி ஆகிவிட்டது. அவரைக்காய் அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கேட்பாள், "அந்தத் தட்டப் போடுறா." நான் துணியால் துடைத்துத் துடைத்துப் போடுவேன். அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் நீண்டால் காது போய்விடும், இன்னும் கொஞ்சம் நீண்டால் நிற்கும் நிலை போய்விடும். எனக்கு அந்தக் கவலை ஆரம்பித்தது. காப்பி எடுத்தேன், காப்பிக்கும் காப்பி எடுத்தேன். மூக்கு எங்களுக்கு நாலாவது வாரம்தான் கிடைத்தது, தலையில் கூடையோடு குறுக்கே நடந்துபோகும் ஒரு ஆளிடம். மோவாய் முதல் வரிசையில் இருந்தது. ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிச் சேர்த்துக்கொள்வேன். சேர்த்ததைப் பிடித்து வைப்பதற்குள் ஒன்று நழுவிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன், "சிரிப்பு யாரு மாதிரிம்மா?"

அம்மா அந்தக் கூட்டத்தை முதலிலிருந்து கடைசி ஆள்வரைக்கும் பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துக் காட்டினேன்.

"இதுல யாருகிட்டயும் இல்ல," என்றாள். "உன்கிட்டயும் இல்லடா."